சோதனைக்கு வராத கேள்வி



கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணி ஒன்றை வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். இடையில் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். கடைசிவரை வாசித்துவிட்டுத் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறோம். இதில் "நாங்கள்" என்று வருவது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணிதமும் விஞ்ஞானமும் படிப்பிக்கிற சில ஆசிரியர்கள். எழுதுகிற கை ஒன்று, கூடிப் பேசிய வாய்கள் நாலைந்து.

விஷயம் இதுதான். போன தவணை பத்தாம் தர வகுப்பில் நியூற்றனின் விதிகள் படிப்பித்துக்கொண்டிருந்தோம். பஸ் சடுதியாகப் பிரேக் பிடித்தால் நாம் ஏன் முன்னுக்கு விழுகிறோம், அதற்குப் பெயர் சடத்துவம், எழுதுங்கள் என்று சொன்னோம். எழுதினார்கள். பின்வாங்கில் இருந்த ஒரு பொடியன் எழும்பினான்.

"சேர், உலகத்தில என்னைத் தவிர ஒண்டுமே இல்லையெண்டு வையுங்கோ. சூரியன் இல்ல, வெள்ளி இல்ல, நிலமும் இல்ல. அப்ப நான் நிண்ட இடத்தில சுத்தினா எனக்குத் தலை சுத்துமா? நான் சுத்துறன் எண்டதே எப்பிடித் தெரியும்?"

வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. இதே கேள்வியை முதலில் ரியூசனில் கேட்டிருக்கிறான். அங்கே கிடைத்த பதில்: "அது சோதனைக்கு வராது, இரும்." பெயர் சொல்ல மாட்டோம். பெயர் தேவையும் இல்லை, அந்த வசனத்தை எங்களில் சொல்லாத ஆசிரியர் யார்?

நாங்கள் அந்தக் கேள்வியை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். மூன்று வகையான பதில் வந்தது. ஒன்று, "இதெல்லாம் ஈமானைக் குழப்புகிற கேள்வி, பிள்ளைகளை இந்தப் பக்கம் விடாதீர்கள்." இரண்டு, "இதெல்லாம் 1400 வருசத்துக்கு முதலே குர்ஆனில் இருக்கிறது, வெள்ளைக்காரன் இப்பதான் கண்டுபிடிக்கிறான்." மூன்று, "பிள்ளை பாஸ் பண்ணுகிற வழியைப் பாருங்கள் சேர்." மூன்றையும் சொன்னவர்கள் நல்ல மனிதர்கள், எங்கள் சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் மூன்றும் பிழை. ஏன் பிழை என்பதற்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்தப் பொடியன் கேட்டது என்ன என்று பார்ப்போம்.

எங்கள் ஊர்க் கிணற்றடியில் இருந்து தொடங்கலாம். வாளியில் பாதி தண்ணீர் எடுத்துக் கயிற்றில் தொங்கவிடுங்கள். கயிற்றை நன்றாக முறுக்கிவிட்டு விடுங்கள். முறுக்கு அவிழ வாளி சுழலத் தொடங்கும். முதலில் வாளி மட்டுந்தான் சுழலும், தண்ணீர் சும்மா நிற்கும், மேற்பரப்பு தட்டையாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் தண்ணீரும் வாளியோடு சேர்ந்து சுழலும். அப்போது நடுவில் பள்ளம் விழுந்து ஓரத்தில் தண்ணீர் ஏறும்.

இப்போது யோசியுங்கள். முதலில் வாளிக்கும் தண்ணீருக்கும் இடையில் அசைவு இருந்தது, ஆனால் பள்ளம் இல்லை. பிறகு இரண்டும் சேர்ந்தே சுற்றுகின்றன, ஒன்றைப் பார்க்க மற்றது அசையவில்லை, ஆனால் பள்ளம் இருக்கிறது. அப்படியென்றால் தண்ணீர் எதைப் பார்த்துச் "சுழல்கிறது"? வாளியைப் பார்த்து இல்லை என்பது தெளிவு. வேறு எதை?

இந்த வாளியைத் தன் பெரிய நூலில், 1687 இல், எழுதியவர் நியூற்றன். அவருடைய பதில்: எல்லாப் பொருள்களுக்கும் பின்னால், எதனோடும் தொடர்பில்லாமல், அசையாமல் நிற்கிற வெளி ஒன்று இருக்கிறது. தண்ணீர் அந்த வெளியைப் பார்த்துச் சுழல்கிறது. உலகத்தில் வேறு ஒன்றும் இல்லாவிட்டாலும் பள்ளம் விழும். எங்கள் பொடியனுக்கு நியூற்றன் சொல்லியிருக்கக்கூடிய பதில்: "ஓம் தம்பி, உனக்குத் தலை சுற்றும்." (தலைசுற்றும் அதே விஷயந்தான். காதுக்குள்ளே இருக்கிற நீர்தான் நாம் சுழல்வதை மூளைக்குச் சொல்கிறது. ஒவ்வொருவருடைய காதிலும் ஒரு சின்ன வாளி.)

இதை ஒத்துக்கொள்ளாத ஒருவர் அந்தக் காலத்திலேயே இருந்தார். லைப்னிற்ஸ் என்ற ஜேர்மன்காரர். 1715 இலும் 1716 இலும் நியூற்றனின் பக்கத்து ஆளான கிளார்க் என்ற பாதிரியாரோடு கடிதத்தில் சண்டை பிடித்தார். அவர் வாதம் இது: வெளி என்று தனியாக ஒரு பாத்திரம் இல்லை. பொருள்களுக்கு இடையில் உள்ள உறவுகளுக்குத்தான் நாம் "இடம்" என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இது கேட்கக் கடினமாக இருக்கும். எங்கள் ஊர்க்காரருக்கு உண்மையில் கடினமில்லை. ஒரு காணி உறுதியை எடுத்துப் பாருங்கள்.

எங்கள் பழைய உறுதிகளில் காணி எங்கே இருக்கிறது என்று எப்படி எழுதியிருக்கிறது? கிழக்கு எல்லை இன்னாருடைய காணி. வடக்கு எல்லை ஒழுங்கை. மேற்கில் இன்னாருடைய வளவு. தெற்கில் இன்னாருடைய பங்குக் கிணறு. காணியின் இடம் என்பது அயலவர்களின் பெயர்கள். 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரண்டு மணித்தியாலத்தில் எங்கள் பெற்றோர் வெறுங்கையோடு வெளியேற்றப்பட்டார்கள். சில வீட்டு உறுதிகள் எப்படியோ தப்பின. புத்தளத்து முகாம்களில் வளர்ந்த எங்கள் தலைமுறை பிறகு அந்த உறுதியோடு சோனக தெருவுக்குத் திரும்பி வந்தபோது என்ன நடந்தது? வேலி இல்லை. அயலவர் இல்லை. கிணறு தூர்ந்துபோய்க் கிடந்தது. கடதாசி கையில் இருந்தது, காணி எது என்று தெரியவில்லை. பக்கத்து வளவுக்காரரைக் கொழும்பிலும் நீர்கொழும்பிலும் தேடிப்பிடித்த பிறகுதான் சிலருக்குத் தங்கள் காணியின் மூலை தெரிந்தது. அயல் தெரியாவிட்டால் இடம் தெரியாது என்பது எங்களுக்குப் புத்தகத்தில் படித்த விஷயம் இல்லை.

லைப்னிற்ஸ் சொன்னது முழு அண்டமும் இப்படி எழுதப்பட்ட ஓர் உறுதி என்பதுதான். நியூற்றன் சொன்னது, இல்லை, நில அளவையாளர் போட்ட வரைபடம் போல, யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அசையாத கோடுகள் அடியில் இருக்கின்றன என்பது.

ஆனால் லைப்னிற்ஸால் அந்த வாளிக்குச் சரியான பதில் சொல்ல முடியவில்லை. 1883 இல் எர்ன்ஸ்ற் மாக் என்ற ஒஸ்ரியர் ஒரு வழி காட்டினார். வாளியைப் பார்த்துச் சுழலவில்லை என்றால், தூரத்தில் இருக்கிற நட்சத்திரங்களைப் பார்த்துச் சுழல்கிறது என்று ஏன் சொல்லக்கூடாது? வாளியின் சுவர் இரண்டு அங்குலம் இல்லாமல் பல மைல் தடிப்பாக இருந்தால் தண்ணீர் தட்டையாகவே இருக்குமோ என்னவோ, யார் செய்து பார்த்தார்கள் என்று கேட்டார். அதாவது பஸ் பிரேக் பிடிக்கும்போது உங்களை முன்னுக்குத் தள்ளுவதில் கண்ணுக்கு எட்டாத நட்சத்திரங்களுக்கும் பங்கு இருக்கிறது. மாக்கின் வழியில் போனால் பொடியனுக்குப் பதில் மாறும்: "இல்லைத் தம்பி, வேறு ஒன்றும் இல்லாவிட்டால் தலை சுற்றாது. சுற்றுகிறாய் என்ற சொல்லுக்கே அங்கே பொருள் இல்லை."

இதில் ஏதாவது ஆதாரம் உண்டா? ஒரு விசித்திரமான பொருத்தம் உண்டு. பாரமான குண்டு ஒன்றை நீளமான கம்பியில் கட்டி ஊசலாட விட்டால், அது ஆடுகிற திசை மெல்ல மெல்லத் திரும்பும். பூமி அதன் அடியில் சுழல்வதால் அப்படி. யாழ்ப்பாணம் வடக்கு அகலக்கோடு 9.7 பாகை அளவில் இருப்பதால் இங்கே மணிக்குச் சுமார் 2.5 பாகை திரும்பும், முழுச் சுற்று வரக் கிட்டத்தட்ட 6 நாள் ஆகும். இதை மூடிய அறைக்குள்ளே, வானத்தைப் பார்க்காமலே அளக்கலாம். இன்னொரு பக்கம், இரவில் வெளியே படுத்து நட்சத்திரங்கள் எவ்வளவு வேகமாக நகர்கின்றன என்று பார்த்தும் பூமியின் சுழற்சியைக் கணக்கிடலாம். இரண்டு விடையும் ஒன்றாகவே வருகின்றன. அறைக்குள்ளே தொங்குகிற குண்டுக்கு வெளியே இருக்கிற நட்சத்திரம் எப்படித் தெரியும்? நியூற்றனின் கணக்கில் இது தற்செயல். மாக்கின் கணக்கில் இதுதான் விஷயமே.

ஐன்ஸ்டைனுக்கு இந்த எண்ணத்தில் பெரிய ஆசை இருந்தது. "மாக்கின் தத்துவம்" என்று அதற்குப் பெயர் வைத்ததே அவர்தான், 1918 இல். தன்னுடைய பொதுச் சார்புக் கொள்கை அதை நிறைவேற்றும் என்று நம்பினார். பாதிதான் நிறைவேறியது. சுழலுகிற பெரிய பொருள் தன்னைச் சுற்றியுள்ள வெளியையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும் என்பது அந்தக் கொள்கையிலிருந்து வருகிறது. 2004 இல் நாசா அனுப்பிய ஒரு செய்மதி நான்கு சுழல் குண்டுகளை வைத்து இதைப் பூமியைச் சுற்றி அளந்தது, 2011 இல் முடிவு வந்தது. வருசத்துக்கு ஒரு பாகையின் தொண்ணூறாயிரத்தில் ஒரு பங்கு அளவு திருப்பம், வழு எல்லைக்குள் கணக்கோடு பொருந்தியது. ஆக மாக் முழுப் பைத்தியம் இல்லை. ஆனால் அதே ஐன்ஸ்டைன் சமன்பாடுகளில் ஒரு பொருளும் இல்லாத வெற்று அண்டத்துக்கும் தீர்வு உண்டு, அந்த வெற்று அண்டத்திலும் சடத்துவம் உண்டு. டி சிற்றர் 1917 இலேயே அப்படி ஒன்றைக் காட்டினார். கடைசியில் 1954 இல் ஐன்ஸ்டைனே, இனி மாக்கின் தத்துவத்தைப் பற்றிப் பேசாமல் விடுவது நல்லது என்று ஒரு கடிதத்தில் எழுதினார்.

இந்த இடத்தில்தான் எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் வருகிறார். எங்கள் பிள்ளைகளுக்கு இவர் பெயர் தெரியாமல் இருப்பதுதான் எங்கள் கோபத்தில் பாதி.

ஜயந்த் விஷ்ணு நார்லிகர். 1938 இல் இந்தியாவின் கோலாப்பூரில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் பிரெட் ஹொய்லிடம் படித்தார். 1964 இல், 26 வயதும் நிரம்பாத நேரத்தில், ஹொய்லோடு சேர்ந்து ஒரு புதிய ஈர்ப்புக் கொள்கையை வெளியிட்டார். அதன் சாரம்: ஒரு துணிக்கையின் திணிவு அதன் சொந்தச் சொத்து இல்லை. அண்டத்தில் உள்ள மற்ற எல்லாத் துணிக்கைகளும் சேர்ந்து அதற்குக் கொடுப்பதுதான் திணிவு. மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் மிஞ்சுகிற ஒன்றுக்குத் திணிவே இல்லை. ஒரேயொரு துணிக்கை மட்டும் உள்ள உலகத்தில் ஈர்ப்பும் இல்லை, சடத்துவமும் இல்லை. எங்கள் பொடியன் கேட்ட கேள்வியைக் கணக்காக எழுதினால் எப்படி இருக்குமோ, அப்படி.

இதில் எங்கள் நாட்டுக்கும் ஒரு நூல் இழை உண்டு. ஹொய்லும் நார்லிகரும் இந்த முறையை மின்னியலில் இருந்து எடுத்தார்கள். ஓர் இலத்திரன் ஒளியை வீசும்போது அதற்கு ஒரு பின்தள்ளல் ஏற்படுகிறது. அதற்கு டிராக் 1938 இல் ஒரு சமன்பாடு எழுதினார். அந்தச் சமன்பாட்டை எடுத்து ஆராய்ந்து, அதன்படி பார்த்தால் இலத்திரன் புரோத்தனுக்குள் விழாமல் விலகியே ஓடும் என்ற விநோதமான முடிவை 1943 இல் காட்டியவர், டிராக்கிடம் படித்த இலங்கைத் தமிழர் சி. ஜே. எலியேசர். பிறகு இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்தார். 1945 இல் வீலரும் பைன்மனும் அந்தப் பின்தள்ளல் அண்டத்தில் உள்ள மற்ற எல்லாப் பொருளிடமிருந்தும் திரும்பி வருகிறது என்று காட்டினார்கள். அங்கிருந்து நார்லிகருக்கு ஒரு எட்டுத்தான். "இதெல்லாம் வெள்ளைக்காரன் விஷயம்" என்று சொல்கிறவர்களுக்கு இது போதும் என்று நினைக்கிறோம்.

நார்லிகரின் கொள்கை வென்றதா? இல்லை. இதை மறைக்கக் கூடாது. ஹொய்ல் அதை லண்டன் றோயல் சொசைற்றியில் வாசித்தபோதே ஒரு ஆராய்ச்சி மாணவர் எழும்பி, விரிந்துகொண்டு போகிற அண்டத்தில் நீங்கள் கூட்டுகிற தொகை முடிவிலிக்குப் போகும் என்றார். அந்த மாணவரின் பெயர் ஸ்டீவன் ஹோக்கிங். அடுத்த வருசமே, 1965 இல், வானத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிற நுண்ணலைக் கதிர்வீச்சு கண்டுபிடிக்கப்பட்டது. அண்டத்துக்குத் தொடக்கம் இல்லை என்ற ஹொய்லின் கட்சி அதோடு ஒடுங்கியது. நார்லிகர் ஒடுங்கவில்லை. 1972 இல் இந்தியாவுக்குத் திரும்பினார், 1988 இல் புனேயில் வானியலுக்கென்று ஒரு பெரிய நிலையத்தைத் தொடங்கி நடத்தினார், தன் தாய்மொழி மராத்தியில் விஞ்ஞானக் கதைகள் எழுதினார், பெருவெடிப்பை ஏற்காமலே 2025 மே மாதம் காலமானார்.

கொள்கை தோற்றது, கேள்வி தோற்கவில்லை. 1982 இல் ஜூலியன் பார்பர் என்ற ஆங்கிலேயரும் பேர்த்தொற்றி என்ற இத்தாலியரும், பொருள்களுக்கு இடையிலான தூரங்களை மட்டும் வைத்து, நியூற்றனின் வெளியும் இல்லாமல் நேரமும் இல்லாமல் இயக்கவியலை எழுதலாம் என்று காட்டினார்கள். பார்பர் பல்கலைக்கழகத்தில் வேலை செய்தவர் அல்ல. ரஷ்ய மொழிக் கட்டுரைகளை மொழிபெயர்த்துச் சீவியம் நடத்திக்கொண்டு வீட்டில் இருந்து இதைச் செய்தார். 1986 இல் இந்தியரான அபய் அஷ்தேகர் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்குப் புதிய வடிவம் கொடுத்தார். அதன் மேல் ஸ்மோலினும் றொவெல்லியும் கட்டிய ஈர்ப்புக் கொள்கையில் வெளி என்பதே சின்னச் சின்ன இணைப்புகளின் வலை. வலைக்கு வெளியே "வெளி" என்று ஒன்று இல்லை. இது சரியா பிழையா என்று இன்றுவரை பரிசோதனை ஒன்றும் தீர்ப்புச் சொல்லவில்லை.

ஆக, பின்வாங்கில் இருந்து வந்த கேள்விக்கு நேர்மையான பதில்: "தம்பி, முன்னூறு வருசத்துக்கு மேலாக உலகத்தின் மிகக் கூர்மையான மூளைகள் இதற்காகச் சண்டை பிடிக்கின்றன. இன்னும் முடியவில்லை. வா, இரு, விளங்கப்படுத்துகிறோம்." அதற்குப் பதிலாக நாம் சொன்னது "இரும்."

இப்போது அந்த மூன்று பதில்களுக்கு வருவோம்.

முதலாவது, ஈமான் குழம்பும் என்பவர்களுக்கு. இமாம் கஸ்ஸாலியைப் பற்றி எங்களை விட நீங்கள் அதிகம் அறிந்தவர்கள். தத்துவஞானிகளை மறுத்து அவர் எழுதிய தஹாஃபுத் என்ற நூலின் முன்னுரையில் கிரகணத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை இருக்கிறது. வானியலாளர் கணக்கால் நிறுவிக் காட்டுகிற ஒன்றை மறுப்பது மார்க்கக் கடமை என்று நினைப்பவர், மார்க்கத்துக்குத்தான் தீங்கு செய்கிறார் என்கிறார். ஒன்பது நூற்றாண்டுக்கு முதல் எழுதியது. அதே நூலில், உலகம் படைக்கப்படுவதற்கு "முன்பு" என்ன இருந்தது என்ற கேள்வியையும் எடுக்கிறார். நேரமும் உலகத்தோடு சேர்த்துப் படைக்கப்பட்டதுதான், உலகத்துக்கு வெளியே "மேலே" என்று ஓர் இடத்தைக் கற்பனை செய்வது எப்படியோ அப்படித்தான் "முன்பு" என்று நினைப்பதும் என்கிறார். இது எங்கள் பொடியனின் கேள்விக்கு அடுத்த வீட்டுக் கேள்வி. கஸ்ஸாலி அதைக் கேட்டார், ஈமானோடு கேட்டார். இப்னு ருஷ்த் பிறகு முழு நூல் எழுதி அவரை மறுத்தார். இருவரில் யாரும் மற்றவரைப் பார்த்து "இரும்" என்று சொல்லவில்லை.

இரண்டாவது, எல்லாம் முதலே இருக்கிறது என்பவர்களுக்கு. உங்கள் நோக்கம் நல்லது, பிள்ளைக்கு மார்க்கத்தில் பெருமை வரவேண்டும் என்பது. ஆனால் நீங்கள் செய்வது என்ன? சூரத்துல் அன்பியாவின் 30 ஆம் வசனத்தைப் பெருவெடிப்போடு கட்டி ஒரு படம் தயாரித்து எல்லாக் குழுவுக்கும் அனுப்புகிறீர்கள். பெருவெடிப்பு நல்ல ஆதாரமுள்ள கொள்கை, நாங்களும் அதைத்தான் படிப்பிக்கிறோம். ஆனால் அது மனிதர் எழுதிய கொள்கை. நாளைக்கு அதில் ஒரு பகுதி மாறும், மாறியே தீரும், விஞ்ஞானம் என்றால் அதுதான். நார்லிகரைப் போன்ற ஒரு பெரியவர் அதைக் கடைசிவரை மறுத்தார் என்று பல்கலைக்கழகத்தில் எங்கள் பிள்ளை கேள்விப்படும் நாளில், நீங்கள் கட்டிய முடிச்சு யாருடைய கழுத்தை இறுக்கும்? அல்லாஹ்வின் வசனத்துக்கு ஒரு கொள்கையின் சான்றிதழ் தேவையில்லை. வசனத்தைக் கொள்கையின் தோளில் ஏற்றாதீர்கள், அந்தத் தோள் களைத்துவிடும்.

இன்னொன்றும் சொல்கிறோம், கோபிக்க வேண்டாம். "எல்லாம் இருக்கிறது" என்று சொல்கிறவர் ஒருவரும், கண்டுபிடிக்கப்படுவதற்கு முதல் நாள் அதை எடுத்துச் சொன்னதாக நாங்கள் காணவில்லை. அடுத்த நாள்தான் சொல்கிறார்கள். பிள்ளை இதைக் கவனிக்கிறது. வாய் திறந்து சொல்வதில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது, பாஸ் பண்ணுகிற வழியைப் பாருங்கள் என்பவர்களுக்கு. இந்தக் குற்றத்தில் முதல் குற்றவாளி நாங்கள்தான். கல்வியியற் கல்லூரியில் பிள்ளையின் கேள்வியில் இருந்து பாடத்தைத் தொடங்குவது எப்படி என்று எங்களுக்கும் படிப்பித்தார்கள். பாடசாலைக்கு வந்து மூன்றாம் மாதமே கடந்தகால வினாத்தாளில் இருந்து பாடத்தைத் தொடங்கப் பழகிவிட்டோம். பெற்றோர் கேட்பது பெறுபேறு, அதிபர் கேட்பது பெறுபேறு, வலயம் கேட்பது பெறுபேறு. நாங்களும் கொடுக்கிறோம். விஞ்ஞானத்தில் திறமைச் சித்தி எடுத்த பிள்ளைகள் எங்களிடம் இருக்கிறார்கள். உயர்தரத்தில் கணிதப் பிரிவுக்குப் போங்கள் என்றால் அதே பிள்ளைகள் பின்வாங்குகிறார்கள். "கஷ்டம் சேர்" என்கிறார்கள். கஷ்டம் என்பது அரைவாசி உண்மை. மிச்ச அரைவாசி, அந்தப் பாடத்தில் தாங்கள் கேட்பதற்கு ஒன்றும் இல்லை என்று நாம் அவர்களை நம்ப வைத்தது. பௌதிகவியல் என்பது ஏற்கனவே முடிந்த காரியம், யாரோ எழுதி வைத்த விடையை நாம் பாடமாக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். இன்னும் முடியாத சண்டை ஒன்று அதற்குள்ளே நடக்கிறது என்று எந்தப் பிள்ளைக்கு நாம் சொல்லியிருக்கிறோம்?

முகாமில் படித்தவர்கள் நாங்கள். ஓலைக் கொட்டிலில், மற்றப் பிள்ளைகள் போன பிறகு பின்னேர வகுப்பில், ஒரு புத்தகத்துக்கு நாலு பேர். அப்போது எங்கள் பெரியவர்கள் சொன்னது ஒன்றே ஒன்று: காணி போகும், கடை போகும், தலைக்குள்ளே இருப்பதை எவராலும் பறிக்க முடியாது. அவர்கள் தலைக்குள்ளே வைக்கச் சொன்னது கடந்தகால வினாத்தாள் விடைகளையா?

கடைசியாக ஒரு வேண்டுகோள்.

இமாம் மாலிக்கிடம் தூரத்தில் இருந்து வந்து கேள்வி கேட்டவர்களுக்கு, பல கேள்விகளுக்கு அவர் "எனக்குத் தெரியாது" என்றே பதில் சொன்னார் என்று குத்பாவில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். நம் உலமாக்கள் ஒரு தீர்ப்பை எழுதி முடித்தால் கீழே "அல்லாஹு அஃலம்" என்று எழுதுவார்கள். அந்த இரண்டு சொல்லை வகுப்பறைக்கும் வீட்டுக்கும் கொண்டுவாருங்கள். பிள்ளை கேட்டது தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். சேர்ந்து தேடுவோம் என்று சொல்லுங்கள். அதனால் உங்கள் மரியாதை குறையாது. "இரும்" என்று சொன்னால்தான் குறையும், அன்றைக்கு இல்லை, பத்து வருசம் கழித்து.

நாங்கள் எங்கள் பங்குக்கு ஒன்று செய்யப் போகிறோம். உயரமான கூரையுள்ள மண்டபம் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறோம். ஒரு நீளமான கம்பி, ஒரு பாரமான இரும்புக் குண்டு, நிலத்தில் சோக்கால் கீறிய ஒரு வட்டம். செலவு பெரிதாக இல்லை. ஒரு சனிக்கிழமை அஸருக்குப் பிறகு ஆட்டிவிட்டு மஃரிப் வரை பார்ப்போம். காற்றுப் படாமல், கம்பி முறுக்காமல், நேராக விட்டால், இரண்டு மணித்தியாலத்தில் 5 பாகை அளவில் வலப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். பிழைத்தால் ஏன் பிழைத்தது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், அதுவும் படிப்புத்தான். மஃரிப் தொழுதுவிட்டு வெளியே வந்து அதே பிள்ளைகளுக்கு நட்சத்திரங்களைக் காட்டுவோம். உள்ளே தொங்குகிற குண்டுக்கு வெளியே நிற்கிற வெள்ளியை யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்போம். விடை நாங்கள் சொல்ல மாட்டோம். எங்களுக்கும் தெரியாது.

கம்பி தரக்கூடியவர்கள், மண்டபம் தரக்கூடியவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள். திட்ட விரும்புகிறவர்கள் கீழே எழுதுங்கள், அழிக்க மாட்டோம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். முக்கியமாக, கேள்வி கேட்டதற்காக வகுப்பே சிரித்த அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். எல்லா வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கிறது.

அல்லாஹு அஃலம். வஸ்ஸலாம்.